அக்கரைத் திருச்சி – 14: சடங்கு எண்ணெய்

கரிகாலன் ஈழத்துக்குப் படையெடுத்துப் போய், ஆயிரக்கணக்கான ஆட்களைச் சிறைபிடித்து வந்து காவிரிக்குக் கரை கட்டினான் என்று ஒரு கதை உண்டு. உறையூர்க்காரர்களுக்குப் பிடித்த கதை அது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஆட்கள் போனது எதிர்த்திசையில். முசிறி, துறையூர்ப் பக்கத்து வானம் பார்த்த ஊர்களிலிருந்து கங்காணியின் பின்னால் நடந்து, கடல் தாண்டி, கண்டி மலைக்குப் போனார்கள். முதலில் கோப்பி, பிறகு தேயிலை. 1904-இல் தோட்டத் துரைமார் ஆள் திரட்ட ஏற்படுத்திய இலங்கைத் தொழிலாளர் ஆணையத்தின் தலைமை அலுவலகம் கொழும்பில் இல்லை, நம் திருச்சியில்தான் இருந்தது. அந்தக் கதையை முன் பகுதிகளில் போதுமான அளவு பார்த்துவிட்டோம். உறையூரில் உட்கார்ந்துகொண்டு இலங்கைச் சரித்திரம் ஏன் எழுதுகிறாய் என்று கேட்பவர்களுக்கு என் பதிலும் அதுதான்.

இந்த வாரம் துரைமாரும் இல்லை, கங்காணியும் இல்லை. ஒரு நோயின் கதை. அதைக் கண்டுபிடிப்பதில் ஒரு கரண்டுப் பெட்டிக்கு எவ்வளவு பங்கு, ஒரு கேள்விக்கு எவ்வளவு பங்கு என்பதே இந்தப் பகுதி.

மலைக்குப் போனவர்கள் மாரியம்மனைக் கொண்டுபோனார்கள், காமன் கூத்தைக் கொண்டுபோனார்கள். கூடவே பெண்பிள்ளைகளுக்குச் செய்யும் சடங்கையும் கொண்டுபோனார்கள். நம் பக்கம் ஒரு பெண் வயசுக்கு வந்தால் வீட்டுக்குள் என்ன நடக்கும் என்று இந்தத் தொடரைப் படிக்கும் பெண்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை, ஆண்களுக்காகச் சொல்கிறேன். விடிந்ததும் வெறும் வயிற்றில் நாட்டுக்கோழி முட்டையின் தலையைத் தட்டி உடைத்துப் பச்சையாகக் குடிக்க வேண்டும். குடித்து முடித்ததும் அதே ஓட்டில் நல்லெண்ணெய் ஊற்றிக் கொடுப்பார்கள். மூக்கைப் பிடித்துக்கொண்டு அதையும் விழுங்க வேண்டும். அப்புறம் உளுந்தங்களி, நடுவில் குழி செய்து அதற்குள்ளும் நல்லெண்ணெய். இடுப்பு பலப்படும், கர்ப்பப்பை உறுதியாகும் என்பது அத்தைமார் கணக்கு. மறுத்தால் விடமாட்டார்கள்.

தோட்டத்து லயங்களிலும், அதாவது தொழிலாளர்களின் வரிசை வீடுகளிலும், இதுவே வழக்கம். ஒரு வித்தியாசம் மட்டும் உண்டு. அதை இப்போதே மனதில் வைத்துக்கொள்ளுங்கள். இலங்கையில் அன்றாடச் சமையலுக்குத் தேங்காய் எண்ணெய். நல்லெண்ணெய் விசேஷத்துக்கு வாங்குவது.

1977, 1978. மலையகத் தமிழருக்குச் சோதனை மேல் சோதனையான காலம். 1948 குடியுரிமைச் சட்டம் அவர்களில் பெரும்பாலோரை நாடற்றவர்களாக்கியது. 1964 சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம், யார் எந்தக் கரையில் இருப்பது என்று தலை எண்ணிப் பிரித்தது. 1973-74-இல் தோட்டங்களில் பட்டினிச் சாவுகள். 1975-க்குள் தோட்டங்கள் அரசு கைக்கு மாறின. 1977 ஆகஸ்ட் கலவரம் மலைநாட்டையும் விட்டுவைக்கவில்லை. ஒவ்வொரு லயத்திலும் ஒரு குடும்பம் பெட்டி கட்டிக்கொண்டிருந்தது. தலைமன்னாரில் கப்பல், இராமேசுவரத்தில் இறக்கம், பிறகு மண்டபம் முகாம், சிலருக்கு நம் திருச்சியின் கொட்டப்பட்டு முகாம்.

இதற்கு நடுவில், தேயிலைத் தோட்டங்களிலிருந்து இளம்பெண்கள் கால் விழுந்த நிலையில் ஆஸ்பத்திரிக்கு வரத் தொடங்கினார்கள். இருபதுக்கும் மேற்பட்டவர்கள். எல்லாரும் பெண்கள், எல்லாரும் தமிழர், பெரும்பாலும் பூப்படைந்த வயதுப் பிள்ளைகள்.

இந்த வகை வாதம் எப்படி வரும் என்பது மருத்துவ நூல்களில் பதிவாகியிருக்கிறது. முதலில் கெண்டைக்காலில் இழுத்துப் பிடிக்கும் வலி. நடந்து களைத்த வலி என்று யாரும் பொருட்படுத்த மாட்டார்கள். ஓரிரு நாளில் பாதம் தொங்கிவிடும். முன்பாதம் தரையில் தேயாமலிருக்க முழங்காலை உயரத் தூக்கித் தூக்கி வைக்க வேண்டிவரும். செருப்பு தானாகக் கழன்று விழும். பிறகு கை. பொத்தான் போட முடியாது, சோற்றைப் பிசைந்து உருட்ட முடியாது. காய்ச்சல் கிடையாது. நினைவு தெளிவு. பேச்சு தெளிவு.

அந்த வயதுப் பெண்ணுக்கு, அதுவும் சடங்கு முடிந்த சில வாரங்களில், கால் விழுந்தால் ஊர் என்ன பேசும் என்பது நமக்குத் தெரியாததல்ல. தீட்டுப் பட்டது, காத்துக் கருப்பு அடித்தது, யாரோ கண் வைத்துவிட்டார்கள். படித்தவர்களிடம் இதற்கு இன்னொரு பெயர் உண்டு: மனக்கோளாறு, இசிவு. இரண்டுக்கும் பெரிய வித்தியாசமில்லை என்பது என் கட்சி. இரண்டுமே பழியைப் பெண்ணின் தலையில் போட்டுவிட்டு எழுந்து போய்விடும்.

மருத்துவர்களுக்கும் வழி எளிதல்ல. இளம்பிள்ளை வாதமா? அது காய்ச்சலோடு வரும், ஒரு காலை விட்டு ஒரு காலை அடிக்கும். கில்லன்-பாரே நோயா? அது நாட்கணக்கில் ஏறி நெஞ்சுக்கூட்டுத் தசைவரை பிடிக்கலாம். ஆனால் ஒரே வயதுப் பெண்களை மட்டும் தேடிப் பிடிக்காது. ஆர்சனிக் விஷமா? அதில் பாதம் எரியும், மரத்துப் போகும். இளவயதுத் தமிழருக்குத் தசை மெலியும் நோய் என்றால் இன்னொன்றும் நினைவுக்கு வரும். 1970-இல் மீனாட்சிசுந்தரம், ஜெகந்நாதன், ராமமூர்த்தி மூவரும் சென்னையிலிருந்து விவரித்த இயக்க நரம்பணு நோய் அது. உலக நூல்களில் இன்றும் மெட்ராஸ் என்ற பெயரோடே நிற்கிறது. கை கால் மெலியும், முகத்துத் தசை தளரும், காது மந்தமாகும். ஆனால் ஆண்டுக்கணக்கில் ஊர்ந்து வரும். தோட்டத்துப் பிள்ளைகளுக்கோ நேற்றுவரை ஓடிய கால் இன்று ஓடவில்லை.

இந்த இடத்தில்தான் கரண்டுப் பெட்டி வருகிறது.

நரம்புக்கும் மின்சாரத்துக்கும் உள்ள உறவின் பழங்கதையை விரைவாகச் சொல்லிவிடுகிறேன். கால்வானியின் செத்த தவளை துடித்தது பள்ளிப் பாடத்திலேயே இருக்கிறது. 1850-இல் ஜெர்மனியில் ஹெல்ம்ஹோல்ட்ஸ், தவளை நரம்பில் செய்தி எவ்வளவு வேகத்தில் ஓடுகிறது என்று அளந்தார். விநாடிக்கு ஏறக்குறைய 27 மீட்டர். அது அளக்கவே முடியாத வேகம் என்று அவருடைய ஆசிரியர் ஜொஹான்னஸ் முல்லரே எண்ணியிருந்த காலம். பாரிஸில் துஷென் தோலுக்கு மேலே மின்முனை வைத்து ஒவ்வொரு தசையாகத் துள்ள வைத்தார். ஹைடல்பெர்க்கின் எர்ப், நரம்பு அறுந்த தசை மின்சாரத்துக்கு வேறு மாதிரி பதில் சொல்லும் என்று காட்டினார். 1929-இல் ஏட்ரியனும் பிராங்கும் ஊசிக்குள் கம்பி செலுத்திய மின்முனையைச் செய்து, தசைக்குள்ளிருந்து வரும் மின்னோசையை ஒலிபெருக்கியில் கேட்டார்கள். இரண்டாம் உலகப் போரில் குண்டடிபட்ட சிப்பாய்களின் கைகால்கள் இந்தக் கருவிக்குப் பயிற்சிக்களம் ஆயின. போர் முடிந்த சூட்டோடு, 1948-இல் ஹோட்ஸும் கூட்டாளிகளும் மனித நரம்பின் வேகத்தை நோயாளியிடமே அளந்து காட்டினார்கள். அடுத்த ஆண்டு டாசனும் ஸ்காட்டும் தோலுக்கு மேலிருந்தே நரம்பின் நுண் மின்னோட்டத்தைப் பதிந்தார்கள்.

நம் பக்கம் அதே ஆண்டுகளில்தான் நரம்பியலுக்கு அஸ்திவாரம் விழுந்தது. மான்ட்ரியலில் பயின்ற ஜேக்கப் சாண்டி 1949-இல் வேலூருக்கு வந்தார். 1950-இல் சென்னையில் ராமமூர்த்தி. 1951-இல் சென்னையில் இந்திய நரம்பியல் சங்கம் பிறந்தபோது அதை நிறுவிய நால்வரில் அறுவை மருத்துவர்களான இவ்விருவரோடு நரம்பியல் மருத்துவர் பல்தேவ் சிங்கும், மூளை மின்பதிவுக்காரரான எஸ்.டி. நரசிம்மனும் இருந்தார்கள். நால்வரில் ஒருவர் மின்பதிவுக்காரர் என்பதைக் கவனியுங்கள். கத்தியும் கம்பியும் இங்கே ஒன்றாகத்தான் வந்தன.

இன்று உறையூரிலிருந்து சாலை ரோட்டைக் கடந்து தில்லைநகருக்குள் நுழைந்தால் குறுக்குத் தெருவுக்குக் குறுக்குத் தெரு நரம்பு டாக்டர் பலகை தொங்குகிறது. சர்க்கரைக்காரர், கை மரத்த தறிக்காரர், சுருட்டுச் சுற்றி விரல் செத்துப்போன பெரியவர் என்று எல்லாரும் கையில் சீட்டோடு உட்கார்ந்திருப்பார்கள். "என்ன டெஸ்ட்டுங்க?" என்றால், "கரண்ட் வச்சுப் பாக்குறதுதான்" என்பார்கள்.

அது நடக்கும் விதம் இது. காலை நீட்டிப் படுக்க வைத்து, பாதத்தின் மேற்புறம், விரல்களைத் தூக்கும் சின்னத் தசையின் மேல் ஒரு வட்டத் தகட்டை ஒட்டுவார்கள். கணுக்காலில் இரட்டை முனைக் கருவியை அழுத்தி ஒரு சுண்டு. விரல் துள்ளும். பிறகு முழங்காலுக்கு வெளிப்புறம், எலும்பு முண்டுக்குக் கீழே, இன்னொரு சுண்டு. இதில் எவ்வளவு மனவலிமை உள்ளவரும் "ஆ" என்பார். இரண்டு தடவையும் சுண்டியதற்கும் தசை துள்ளியதற்கும் இடையிலான நேரத்தைப் பெட்டி காட்டும். இரு இடத்துக்கும் நடுவே 30 செ.மீ., நேர வித்தியாசம் ஆயிரத்தில் 6 விநாடி என்றால், நரம்பின் வேகம் விநாடிக்கு 50 மீட்டர். காலில் 40-க்கு மேல் இருந்தால் சரி. கையில் 50-க்கு மேல். கால் சில்லிட்டிருந்தால் கணக்கு தப்பும். தோல் ஒரு டிகிரி குளிர்ந்தால் வேகம் 2 மீட்டர் வரை குறையும். சித்திரை மாதத் திருச்சியில் இந்தத் தொல்லை இல்லை. நுவரெலியாப் பக்கத்துப் பிள்ளையை அளப்பவர் முதலில் போர்வை போட்டுச் சூடேற்ற வேண்டும்.

இதில் இரண்டு செய்தி இருக்கிறது. வேகம் ஒன்று, துள்ளலின் உயரம் ஒன்று. நரம்பிழையின் மேலுறை கெட்டால் வேகம் விழும். கில்லன்-பாரேயில் பெரும்பாலும் பார்ப்பது இதுதான். உறை நன்றாயிருந்து இழையே செத்தால், எஞ்சிய இழைகள் பழைய வேகத்திலேயே ஓடும். ஆனால் துள்ளல் குட்டையாகும், ஏனென்றால் தசைக்குப் போய்ச் சேரும் இழைகள் குறைந்துவிட்டன. இதே வேலையை உணர்வு நரம்பிலும் செய்து பார்ப்பார்கள்.

அடுத்தது ஊசி. நோயாளிகள் பயப்படுவது இதற்குத்தான். நல்ல தசைக்குள் ஊசி போய் நின்று, ஆளும் தளர்வாக விட்டுவிட்டால், ஒலிபெருக்கியில் சத்தமே இருக்காது. நரம்பு செத்து இரண்டு மூன்று வாரமான தசையோ சும்மா இருக்காது. ஒவ்வொரு தசைநாரும் தன் போக்கில் துடிக்கத் தொடங்கும். அந்த ஓசை தகரக் கூரையில் தூறல் விழுவது போலிருக்கும் என்று உலகெங்கும் மாணவர்களுக்குச் சொல்லிக் கொடுக்கிறார்கள். லயத்துக் கூரையின் கீழ் வளர்ந்த பிள்ளைக்கு அந்த ஒப்புமையை யாரும் விளக்க வேண்டியிருக்காது.

பேராதனைப் பல்கலைக்கழக மருத்துவப் பீடத்தின் நரம்பியல் மருத்துவர் நிமால் சேனநாயக்க இந்தப் பெண்களைப் பரிசோதித்தார். கால் கைகளின் கோடித் தசைகளில் நரம்பு அற்றுப்போன அடையாளங்கள் இருந்தன. உணர்வு நரம்புகளில் பெரிதாக ஒன்றுமில்லை. அதாவது அடி விழுந்தது இயக்க நரம்பில், அதுவும் முதுகுத்தண்டிலிருந்து மிகத் தொலைவில் முடியும் நீண்ட இழைகளின் நுனியில். பாதம் முதலில் விழுந்து கை பிறகு விழுந்ததற்கும் அதுவே விளக்கம். பேயும் இசிவும் அங்கேயே தோற்றுப்போயின. செத்த நரம்பை யாரும் பாசாங்கு செய்ய முடியாது.

ஆனால் பெட்டியின் எல்லையும் அங்கேயே தெரிகிறது. மேலே சொன்ன மெட்ராஸ் நோயிலும் ஊசி ஏறக்குறைய இப்படித்தான் பேசும்: இயக்க நரம்பு போச்சு, உணர்வு நரம்பு சுகம். எங்கே அடி விழுந்தது என்று பெட்டி சொல்லும். அடித்தது யார் என்று சொல்லாது. அதைக் கேட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். ஏன் ஆண்பிள்ளை இல்லை? ஏன் பக்கத்து ஊர்ச் சிங்களப் பெண் இல்லை? அதே லயத்தில், அதே பீலித் தண்ணீரைக் குடித்து, அதே அடுப்பில் சமைத்ததை உண்ட அம்மாவுக்கும் தம்பிக்கும் ஏன் ஒன்றுமில்லை? வீட்டில் எல்லாரும் சாப்பிடாத, இந்தப் பெண் மட்டும் சாப்பிட்ட பண்டம் எது?

முட்டை ஓட்டில் ஊற்றிய எண்ணெய்.

1981 ஜனவரியில் லான்செட் இதழில் சேனநாயக்கவும், தொழில்சார் மருத்துவ அறிஞர் ஜெயரத்தினமும் சேர்ந்து அதை உலகுக்கு அறிவித்தார்கள். நல்லெண்ணெயில் ட்ரை-கிரெசில் பாஸ்பேட் கலந்திருந்தது. வேண்டுமென்று யாரும் விஷம் வைக்கவில்லை. முன்பு கனிம எண்ணெய் இருந்த பாத்திரத்தில் சமையல் எண்ணெயை அடைத்துக் கொண்டுவந்ததில் கலந்திருக்க வேண்டும் என்று கருதினார்கள். அவ்வளவுதான். ஒரு பழைய பீப்பாய்.

இந்த ரசாயனத்தைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். பிளாஸ்டிக்கை வளையச் செய்ய, எந்திர எண்ணெய் உரசலைத் தாங்க, நெருப்புப் பிடிக்காமலிருக்கச் சேர்ப்பது. நிறமில்லை, மணமில்லை, நாக்குக்குத் தெரியாது, எண்ணெயில் சுலபமாகக் கரையும். உள்ளே போனதும் வாந்தி பேதி சற்று இருந்தாலும் இருக்கும், இல்லாமலும் போகும். பிறகு ஒன்று முதல் மூன்று வாரம்வரை எதுவும் நடக்காது. அந்த இடைவெளிதான் இதன் சூது. கால் விழும்போது எண்ணெய்ப் பாட்டில் காலியாகிக் கழுவி வைத்திருப்பார்கள். சடங்கு முடிந்து சொந்தக்காரர்களும் அவரவர் தோட்டத்துக்குப் போயிருப்பார்கள்.

உலகம் இதை முன்பே பார்த்திருந்தது. 1930-இல் அமெரிக்காவில், மதுவிலக்குக் காலத்தில், ஜமைக்கா இஞ்சிச் சாறு என்ற பெயரில் மருந்தாக விற்ற சரக்கில் பாஸ்டன் வியாபாரிகள் இருவர் இதைக் கலந்தார்கள். சாற்றைக் காய்ச்சி வற்றவைத்தால் வண்டல் போதிய அளவு நிற்க வேண்டும் என்பது அரசாங்கச் சோதனை. அதை ஏமாற்றத்தான் இந்தக் கலப்பு. பல்லாயிரம் பேருக்குக் கால் போயிற்று, பெரும்பாலும் ஏழைகள். அந்த நடையைப் பற்றிக் கறுப்பினப் பாடகர்கள் பாட்டுக்கட்டி இசைத்தட்டே போட்டார்கள். வியாபாரிகளுக்குக் கிடைத்தது நிறுத்திவைக்கப்பட்ட தண்டனை. 1959-இல் மொராக்கோவின் மெக்னஸ் நகரில் விமான எஞ்சின் எண்ணெயைச் சமையல் எண்ணெயில் கலந்து விற்றார்கள். ஏறக்குறைய 10,000 பேர். உலக சுகாதார நிறுவனம் அனுப்பிய ஆக்ஸ்போர்டு மருத்துவர்கள் ஹானர் ஸ்மித்தும் ஸ்பால்டிங்கும் வீடு வீடாகச் சாப்பாட்டை விசாரித்துத்தான் எண்ணெயைப் பிடித்தார்கள். அங்கும் துப்பு அடுப்படியில்தான் கிடைத்தது.

விஷம் உடம்புக்குள் என்ன செய்கிறது என்று காட்டியது கோழி. 1954-இல் லண்டனில் ஜான் கேவனா இந்த ரசாயனத்தைக் கோழிகளுக்குக் கொடுத்து, நரம்புகளை வெட்டிப் பார்த்தார். மனிதனைப் போலவே கோழியும் ஒரு வாரத்துக்கு மேல் ஒன்றும் நடக்காதது போல மேய்ந்துவிட்டுப் பிறகு கால் மடங்கி உட்காரும். நீண்ட இழைகள் நுனியிலிருந்து வேரை நோக்கிச் சாவதைக் கேவனா கண்டார். அது காலுக்குப் போகும் நரம்பில் மட்டுமல்ல. மூளையிலிருந்து முதுகுத்தண்டு வழியாக இறங்கும் நீண்ட இழைகளிலும் அதே சாவு.

தோட்டத்துப் பெண்களின் பிற்கதைக்கு இந்தக் கடைசி வாக்கியம் முக்கியம். சேனநாயக்க அவர்களை மருந்து எழுதி அனுப்பிவிட்டு விட்டுவிடவில்லை. மூன்று ஆண்டு தொடர்ந்து கவனித்து, மீண்டும் மீண்டும் மின்பதிவு எடுத்து, 1981-இல் தனிக் கட்டுரையாக எழுதினார். கப்பலேறும் நாளை எதிர்பார்த்துக்கொண்டிருந்த ஒரு ஜனத்தின் பிள்ளைகளை மூன்று ஆண்டு பின்தொடர்வது எவ்வளவு பெரிய காரியம் என்பது அந்தக் காலத்து மலையகத்தை அறிந்தவர்களுக்குத் தெரியும். அந்த மருத்துவருக்கு ஒரு கும்பிடு.

செத்த நரம்பிழை வளரும். நாளுக்கு ஒரு மில்லிமீட்டர் என்பது கணக்கு. கைக்குத் தூரம் குறைவு, காலுக்கு அதிகம். ஆகவே கை முதலில் திரும்பும். ஊசி முனையில் அதன் முதல் அறிகுறி, கண்ணுக்கு அசைவு தெரிவதற்கு முன்பே வரும்: "விரலைத் தூக்கு" என்றதும், வெறும் தூறலுக்கு நடுவே பல முனைகளாக உடைந்த சின்னச் சின்ன அலைகள். தப்பிப் பிழைத்த இழை பக்கத்துத் தசைநார்களையும் தத்தெடுத்துக்கொண்டால் மாதங்கள் கழித்து அலை பெரிதாகும். இயன்மருத்துவருக்கு இந்தச் செய்தி தங்கம். எந்தத் தசைக்கு நரம்பு வந்துகொண்டிருக்கிறதோ அதற்குப் பயிற்சி. எது வரவே போவதில்லையோ அங்கே வேறு வழி.

வேறு வழி என்றால் பாதம் தொங்காமலிருக்கக் கணுக்கால் பட்டை, குதிகால் நாண் சுருங்கிப்போகாமலிருக்கத் தினமும் நீவி நீட்டுவது, ஒன்றும் ஆகாவிட்டால் தசைநாண் மாற்றும் அறுவை. கடைசியாகச் சொன்னது தமிழ்நாட்டுக்குப் புதிதல்ல. வேலூரில் பால் பிராண்ட், தொழுநோயால் மடங்கிய விரல்களுக்கும் தொங்கிய பாதங்களுக்கும், நரம்பு சாகாத தசையின் நாணை இடம் மாற்றித் தைக்கும் வேலையை 1940-களின் கடைசியிலேயே தொடங்கிவிட்டார். அதே வேலூரில், கார் விபத்தில் இடுப்புக்குக் கீழே செயலிழந்த டாக்டர் மேரி வர்கீஸ் சக்கர நாற்காலியிலிருந்தபடியே அறுவை செய்தார். பிறகு நியூயார்க்கில் படித்துத் திரும்பி மறுவாழ்வு மருத்துவத் துறையை நிறுவினார். எந்தத் தசையை இடம் மாற்றலாம், எது இன்னும் பொறுத்தால் தானே திரும்பும் என்ற முடிவுக்குக் கைப்பரிசோதனையோடு மின்பரிசோதனையும் வேண்டும். அவசரப்பட்டு நாணை மாற்றிவிட்டு, ஆறு மாதம் கழித்துப் பழைய தசை உயிர்த்தெழுந்தால் யாரிடம் போய்ச் சொல்வது?

தேயிலைத் தோட்டத்தில் இது பாதத்தின் அழகைப் பற்றிய பேச்சல்ல. கொழுந்து பறிப்பவளுக்குக் கூடையின் கயிறு தலையில் மாட்டியிருக்கும். இரண்டு கையும் செடியில். மழை ஊறிய சரிவில் உடம்பின் பாரம் முழுதும் கணுக்காலில். கணுக்கால் தூக்காவிட்டால் மலையேற முடியாது. மலையேறாவிட்டால் அன்றைய வேலைக் கணக்கில் பேர் விழாது. பேர் விழாவிட்டால் சம்பளமில்லை.

இங்கேதான் விஷத்தின் இரண்டாம் அடி. கோடி நரம்பு மெல்லத் திரும்பத் திரும்ப, முதுகுத்தண்டில் நடந்த சேதம் வெளியே தெரியும். தசை தளர்ந்து தொங்கிய வரையில் அது மறைந்திருந்தது. கம்பியில் அலை வளர்கிறது, நடையோ விறைக்கிறது. முழங்காலைச் சுத்தியலால் தட்டினால் உதைக்கும், கணுக்காலில் தட்டினால் பதிலே இல்லாமலும் இருக்கும். அமெரிக்க இஞ்சிச் சாற்று நோயாளிகளை 47 ஆண்டு கழித்துத் தேடிப் பார்த்த மருத்துவர்கள் 1978-இல் எழுதியதும் இதுவே: நிரந்தரமாக நின்றது நரம்பு வாதம் அல்ல, முதுகுத்தண்டு விறைப்பு. கரண்டு வைத்துப் பார்ப்பது தண்டுக்கு வெளியே ஓடும் நரம்பைத்தான். தண்டுக்குள் இறங்கும் இழைகளை அந்தப் பெட்டி பார்க்காது. அதற்கு அன்று ரப்பர்ச் சுத்தியலும் பாதத்தைக் கீறிப் பார்க்கும் சாவியும் போதும். போதும் என்பது மட்டுமல்ல, அதைவிட்டால் வேறில்லை.

அறிக்கை அச்சாகிவிட்டதால் பீப்பாய்கள் திருந்திவிடவில்லை. 1988-இல் கல்கத்தாவின் பெஹாலாவில் கடுகெண்ணெயில் அதே ரசாயனம். நூற்றுக்கணக்கானோருக்குக் கால் விழுந்தது. அங்கே தினசரிச் சமையல் எண்ணெய் அது. அதனால் ஆண், பெண், பிள்ளை என்று வீடு வீடாக. தோட்டத்தில் இருபது சொச்சத்தோடு நின்றதற்குக் காரணம் நல்லெண்ணெய் விசேஷத்துக்கு மட்டும் என்ற வழக்கம். அந்தச் சடங்கே காட்டியும் கொடுத்தது. எல்லாரும் எல்லாமும் சாப்பிட்டிருந்தால் கேள்விக்கு விடை இன்னும் தாமதமாகியிருக்கும். இதை வைத்து, பார்த்தீர்களா சடங்கு ஆபத்து என்று எழுதியவர்கள் மேல் எனக்கு மரியாதை இல்லை. முட்டையும் களியும் எந்தப் பெண்ணையும் முடமாக்கவில்லை.

நம் நாட்டில் இப்போது சட்டம் இருக்கிறது. ஒருமுறை சமையல் எண்ணெய் அடைத்த தகர டின்னை மறுபடி உணவு எண்ணெய்க்குப் பயன்படுத்தக் கூடாது என்று 2018 உணவுப் பொதி விதிகள் சொல்கின்றன. பெரிய கடைவீதியில் சில்லறைக்கு எண்ணெய் வாங்குபவர்கள் டின்னின் ஓரத்தைப் பார்க்கலாம். சுரண்டிய பழைய எழுத்து, மேலே ஒட்டிய புதிய காகிதம் இருந்தால் கடைக்காரரைக் கேட்கலாம். கேட்டால் முறைப்பார். கேளுங்கள்.

ட்ரை-கிரெசில் பாஸ்பேட்டுக்கு நெருங்கிய உறவினர்கள் வயலில் இருக்கிறார்கள்: பூச்சிமருந்துகள். சேனநாயக்க அந்தப் பக்கமும் திரும்பினார். மருந்தைக் குடித்துவிட்டு, ஆஸ்பத்திரியில் பிழைத்துக்கொண்டார் என்று எல்லாரும் மூச்சு விட்ட பிறகு, ஒன்று முதல் நான்கு நாளுக்குள் கழுத்தைத் தூக்க முடியாமல், மூச்சுத் தசை தளர்ந்து சிலர் ஏன் சாய்கிறார்கள் என்ற புதிருக்கு அவரும் லக்ஷ்மன் கரல்லியத்தவும் 1987-இல் பேராதனையிலிருந்து ஒரு பெயர் கொடுத்தார்கள். அதிலும் கரண்டுப் பெட்டி சாட்சி சொன்னது. ஆனால் இம்முறை நரம்பில் அல்ல, நரம்பும் தசையும் சந்திக்கும் இடத்தில். அது அடுத்த வாரம்.